கூகுளின் கைக்கடிகாரத்தை நம்பி வாங்கலாமா?

கேள்வி: ஃபிட்பிட் வாட்ச் பழையதாகிவிட்டது. ஃபிட்பிட்டை வாங்கிவிட்ட கூகுளே விற்கும் பிக்சல் வாட்சுக்கு மாறலாமா? அல்லது அதையும் இரண்டு மூன்று ஆண்டுகளில் கைவிட்டுவிடுவார்களா?

பதில்: பிக்சல் வாட்ச் இன்றைய நிலையில் நல்ல கடிகாரம். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் அதை விற்கும் நிறுவனத்தின் பொறுமை மீதுதான். அந்தச் சந்தேகத்துக்குப் பத்தாண்டுக்கும் மேலான காரணம் இருக்கிறது. அதை வரிசையாகச் சொன்னால்தான் வாங்கலாமா வேண்டாமா என்பதை நீங்களே எடைபோட முடியும்.

உடலில் அணியும் கருவிக்கு நிறுவனத்தின் உறுதி ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது? கைபேசியை மாற்றினால் படங்களும் தொடர்பு எண்களும் மறுநாளே புதியதில் வந்து சேர்ந்துவிடும். கைக்கடிகாரத்தின் மதிப்பு நாள்பட நாள்படத்தான் கூடுகிறது. வாங்கிய முதல் வாரத்தில் ஓய்வுநிலை இதயத்துடிப்பு 68 என்று அது காட்டினால் அந்த எண்ணுக்குத் தனியாகப் பெரிய பொருள் இல்லை. இரண்டு ஆண்டுகளாக 61, 62 என்று நின்றிருந்த துடிப்பு இந்த மாதம் மட்டும் 68-க்கு ஏறியிருந்தால் அதில் செய்தி இருக்கிறது. தூக்கம் குறைந்திருக்கலாம், காய்ச்சல் வரப்போகலாம், புதிதாகத் தொடங்கிய மருந்தின் விளைவாக இருக்கலாம், மருத்துவரிடம் கேட்க வேண்டிய வேறு ஏதோவாகவும் இருக்கலாம். ஒருவருடைய உடலின் இயல்பு எது என்று கடிகாரம் அறிந்துகொள்வதற்கே அவ்வளவு காலம் பிடிக்கிறது. நிதானமாகப் பலன் தரும் இப்படிப்பட்ட பொருளை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திசை மாறும் நிறுவனம் விற்கிறது. என் மனக்குறையின் வேர் இதுதான்.

கூகுள் 2014 மார்ச்சில் ஆண்ட்ராய்டு வேர் என்ற இயங்குதளத்தை அறிவித்தது. ஆப்பிள் வாட்ச் கடைக்கு வந்தது 2015 ஏப்ரலில். அதாவது ஓட்டத்தில் முன்னால் நின்றது கூகுள்தான். எல்ஜி, சாம்சங், மோட்டோரோலா, சோனி, அசூஸ், ஹுவாவே எல்லாரும் ஆளுக்கொரு கடிகாரத்தோடு வந்தார்கள். அவற்றில் 2014 செப்டம்பரில் வந்த மோட்டோ 360-ஐ மறக்க முடியாது. வட்ட முகம், தோல்பட்டை, பார்த்ததுமே கையில் கட்டிப்பார்க்கத் தோன்றும் அழகு. ஆனால் வட்டத்தின் அடியில் ஒரு துண்டு மட்டும் கறுப்பாக வெட்டப்பட்டிருக்கும். திரையை இயக்கும் பாகங்களுக்கும் ஒளியறியும் சென்சாருக்கும் அங்கேதான் இடம் கிடைத்தது. அது கண்ணுக்குத் தெரிந்த குறை. தெரியாத குறை உள்ளே இருந்தது. 2010-ஆம் ஆண்டுக் கைபேசிகளில் ஓடிய டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் ஓமேப் 3 வகைச் சிப்பை அதில் வைத்திருந்தார்கள். மின்சாரத்தைத் தின்னும் பழைய சிப்போடு ஒரு நாள் முழுவதும் ஓடுவதற்கே கடிகாரம் திணறியது.

இந்தச் சிப் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் பிறகு வந்த சரிவுக்கெல்லாம் இதுதான் அடித்தளம். கடிகாரத்துக்குள் சின்ன பேட்டரிக்குத்தான் இடம். ஆகவே சிப் எவ்வளவு சிக்கனமாக ஓடுகிறதோ அவ்வளவுக்குத்தான் கடிகாரம் பயன்படும். ஆப்பிள் முதல் நாளிலிருந்தே தன் வாட்சுக்கென்று சொந்தச் சிப் வடிவமைத்தது. கூகுள் அந்த வேலையைச் சிப் செய்யும் குவால்காம் நிறுவனத்திடம் விட்டுவிட்டது. குவால்காம் 2016-இல் ஸ்னாப்டிராகன் வேர் 2100 என்ற சிப்பைத் தந்தது. 28 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் செய்தது (இந்த எண் குறையக் குறையச் சிப் சிக்கனமாக ஓடும்), அன்றைக்கே அது பழையது. 2018-இல் 3100 வந்தது. துணைக்கு ஒரு சின்ன சிப்பைச் சேர்த்திருந்தார்களே தவிர, உள்ளிருந்த முதன்மைப் பகுதி அதே 28 நானோமீட்டர், அதே கார்டெக்ஸ் ஏ7 வடிவமைப்பு. 2020-இல் 4100 வரும்வரை அந்த அடித்தளம் மாறவே இல்லை. இடைப்பட்ட காலத்தில் ஆப்பிள் ஆண்டுதோறும் புதிய சிப்போடு வந்துகொண்டிருந்தது. விற்பனை குறைவு, அதனால் புதிய சிப்பில் முதலீடு செய்ய முடியாது என்பது குவால்காமின் பக்க நியாயம். சிப் பழையது, அதனால் விற்பனை குறைவு என்பது கடிகாரம் செய்தவர்களின் பக்க நியாயம். இந்தச் சுழலை உடைக்கும் பண வசதி அந்த மேசையில் கூகுளுக்குத்தான் அதிகம் இருந்தது. அது செய்யவில்லை. பிறகு 2022-இல் கூகுள் தானே முதல் பிக்சல் வாட்சைச் செய்தபோதும் அதற்குள் வைத்தது 2018-இல் சாம்சங் கேலக்ஸி வாட்சில் வந்த எக்ஸினோஸ் 9110 சிப்பைத்தான். அறிவிப்பைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாகத் தணியவில்லை. விலை 349 டாலர்.

மென்பொருளிலும் இதே கதை. ஆண்ட்ராய்டு வேர் 2.0 பதிப்பு 2016 இறுதியில் வருவதாக இருந்தது. 2017 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. அந்தக் காத்திருப்பிலேயே மோட்டோரோலா இப்போதைக்குப் புதிய கடிகாரம் இல்லை என்று சொல்லி விலகிக்கொண்டது. மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பின்வாங்கினார்கள். 2018 மார்ச்சில் பெயரை வேர் ஓஎஸ் என்று மாற்றினார்கள். பெயர் மாறியதே தவிர, கையில் கட்டியிருந்தவருக்கு வேறெதுவும் உடனே மாறவில்லை. கடைசிவரை விசுவாசமாக நின்றது கடிகாரம் செய்யும் ஃபாசில் நிறுவனம்தான். 2019 ஜனவரியில் அதன் ஸ்மார்ட்வாட்ச் தொழில்நுட்பத்தின் ஒரு பகுதியைக் கூகுள் 4 கோடி டாலருக்கு வாங்கியபோது, இனியாவது தீவிரமாக இறங்குவார்கள் என்று பலரும் நம்பினோம். 2024 ஜனவரியில் அந்த ஃபாசிலும் ஸ்மார்ட்வாட்ச் தொழிலிலிருந்தே வெளியேறிவிட்டது.

இந்த அக்கறையின்மைக்கு ஒரே ஒரு சான்று கேட்டால் நான் இசையைத்தான் சொல்வேன். 2020-இல் கூகுள் தன் பிளே மியூசிக் சேவையை மூடி, எல்லாரையும் யூடியூப் மியூசிக்குக்கு மாறச் சொன்னது. கடிகாரத்தில் இருந்த பிளே மியூசிக் செயலியும் போயிற்று. அதற்கு ஈடாக வேர் ஓஎஸ் கடிகாரங்களுக்கு யூடியூப் மியூசிக் செயலி உடனே வரவில்லை. அதே 2020 அக்டோபரில் யூடியூப் மியூசிக் ஆப்பிள் வாட்சுக்கு வந்தது! கூகுளின் சொந்த இயங்குதளத்துக்கு அது வந்து சேர 2021 ஆகஸ்ட் ஆயிற்று, அதுவும் முதலில் சாம்சங்கின் புதிய கடிகாரத்துக்கு மட்டும். போட்டியாளரின் கடிகாரத்துக்குச் செயலி எழுத ஆள் இருந்திருக்கிறது. தன் பெயரை நம்பிப் பணம் கொடுத்தவர்களுக்கு எழுத ஆள் இல்லை.

2021 மே மாதம் சாம்சங்கோடு கைகோத்து, அவர்களுடைய டைசன் இயங்குதளத்தையும் இணைத்து வேர் ஓஎஸ் 3 என்று அறிவித்தார்கள். தொழில்நுட்ப ரீதியில் அது நல்ல முடிவு. வேகமும் பேட்டரி ஆயுளும் கூடின. ஆனால் அதுவரை நம்பி வாங்கியிருந்தவர்கள் நட்டாற்றில் விடப்பட்டார்கள். 4100 சிப் கொண்ட ஒருசில கடிகாரங்களுக்கு மட்டுமே புதிய பதிப்பு கிடைக்கும், மற்றவை பழையதிலேயே நிற்கும் என்றார்கள். கிடைக்கும் என்று சொல்லப்பட்ட டிக்வாட்ச் ப்ரோ 3-க்கே 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது பெரும்பாலும் அந்தக் கடிகாரத்தைச் செய்த மோப்வாய் நிறுவனத்தின் தாமதம், உண்மைதான். ஆனாலும் பெட்டியின் மேல் கூகுள் பெயரைப் பார்த்து வாங்கியவருக்கு அந்த வேறுபாடு எதற்கு?

இனி ஃபிட்பிட். என்னை மிகவும் வருத்துவது இதுதான். ஜேம்ஸ் பார்க், எரிக் ஃப்ரீட்மன் இருவரும் 2007-இல் தொடங்கிய நிறுவனம் அது. காலடிகளை எண்ணுவதைச் சாதாரண மனிதர்களின் அன்றாடப் பழக்கமாக்கியதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அதை 210 கோடி டாலருக்கு வாங்கப்போவதாகக் கூகுள் 2019 நவம்பரில் அறிவித்து, 2021 ஜனவரியில் வாங்கி முடித்தது. அப்போது ஃபிட்பிட் வைத்திருந்தவர்களுக்கு என்ன எதிர்பார்ப்பு இருந்தது? அவர்களுடைய எளிய கருவிக்குப் பின்னால் கூகுளின் பொறியாளர் படை வந்து நிற்கும் என்பதுதான்.

நடந்தது வேறு. 2022-இல் வந்த வெர்சா 4, சென்ஸ் 2 என்ற ஃபிட்பிட் வாட்சுகள் இரண்டிலும், அவற்றுக்கு முந்தைய மாதிரிகளில் இருந்த கூகுள் அசிஸ்டென்ட் இல்லை. வெளியார் எழுதிய செயலிகளைச் சேர்க்கும் வசதியும் இல்லை. புதியது வாங்கியவர் பழையதைவிடக் குறைவாகப் பெற்றார். 2023 மார்ச்சில் நண்பர்களுக்கிடையேயான போட்டிகளை நீக்கினார்கள். இந்தப் போட்டிகளைப் பயன்படுத்தாதவர்களுக்கு அந்த இழப்பின் அளவு புரியாது. திங்கள் முதல் வெள்ளி வரை யார் அதிகம் நடக்கிறார்கள் என்று அலுவலகத் தோழர்களோ, வெவ்வேறு ஊர்களில் இருக்கும் அண்ணன் தங்கைகளோ ஒரு குழுவாகச் சேர்ந்து பார்த்துக்கொள்ளும் எளிய ஏற்பாடு அது. வெள்ளிக்கிழமை இரவு, தம்பி நம்மை முந்திவிட்டான் என்று அறிவிப்பு வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொரு சுற்று நடக்கப் போவார்கள். எந்த மருத்துவர் சொல்லியும் நடக்காதவர்களை அது நடக்க வைத்தது. குறைவான பேர்தான் பயன்படுத்துகிறார்கள் என்பது கூகுள் சொன்ன காரணம். நடக்க வைத்த அந்தக் குறைவான பேரின் உடல்நலம்தானே அந்தக் கருவியின் நோக்கம்!

அதோடு நிற்கவில்லை. 2023-இல் மலேசியா, தென் ஆப்பிரிக்கா உட்படப் பல நாடுகளில் ஃபிட்பிட் விற்பனையை நிறுத்தினார்கள். 2024 ஜனவரியில் ஆட்குறைப்போடு சேர்த்து நிறுவனர்கள் இருவரும் வெளியேறினார்கள். அந்த ஆண்டு ஜூலையில், கணினித் திரையில் விரிவாகப் பார்க்க உதவிய இணையப் பக்கத்தை மூடிவிட்டு, எல்லாம் இனி கைபேசிச் செயலியில்தான் என்றார்கள். ஆகஸ்டில், வெர்சா, சென்ஸ் வரிசையில் இனிப் புதிய வாட்ச் வராது, பிக்சல் வாட்ச்தான் அடுத்த படி என்றார்கள். ஐபோன் வைத்திருப்பவருக்கு அந்த அடுத்த படியே கிடையாது. ஃபிட்பிட் வாட்ச் ஐபோனோடு வேலை செய்யும், பிக்சல் வாட்ச் செய்யாது. ஐபோனோடு ஃபிட்பிட் வாட்சை இணைத்து ஆண்டுக்கணக்காகத் தகவல் சேர்த்தவர், இனி ஃபிட்பிட்டின் சின்னக் கைப்பட்டையோடு திருப்திப்பட வேண்டும், அல்லது வேறு நிறுவனத்துக்குப் போக வேண்டும்.

இதற்கு நடுவே கண்ணாடிக் கதையையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1,500 டாலருக்கு விற்ற கூகுள் கிளாஸ் என்ற ஸ்மார்ட் கண்ணாடித் திட்டம் 2015 ஜனவரியில் நின்றது. 2017-இல் தொழிற்சாலைகளுக்கென்று மறுபடி வந்தது, 2023 மார்ச்சில் மறுபடி நின்றது. 2020 ஜூன் இறுதியில் கனடாவின் நார்த் நிறுவனத்தை வாங்கினார்கள். அது விற்றிருந்த ஃபோக்கல்ஸ் கண்ணாடிகளின் ஸ்மார்ட் வசதிகள் ஜூலை 31-உடன் நின்றுபோயின. ஒரே மாதம்! வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது என்பது ஆறுதல். 2025 மே மாதம் ஆண்ட்ராய்டு எக்ஸ்ஆர் என்ற பெயரில் மீண்டும் கண்ணாடியோடு வந்திருக்கிறார்கள்.

ஏன் இப்படி? கூகுளின் தாய் நிறுவனமான ஆல்பபெட்டுக்கு வரும் வருமானத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு விளம்பரத்திலிருந்து வருகிறது. கடிகாரம் விற்றாலும் விற்காவிட்டாலும் காலாண்டுக் கணக்கு அசையாது. ஃபிட்பிட்டை வாங்க ஒப்புதல் தந்தபோது, ஐரோப்பியப் பயனர்களின் உடல்நலத் தகவல்களைப் பத்தாண்டுகளுக்கு விளம்பரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்று ஐரோப்பிய ஆணையம் நிபந்தனையும் போட்டது. பயனர்களுக்கு அது நல்ல பாதுகாப்பு. ஆனால் விளம்பரத்தால் வாழும் நிறுவனத்துக்குள் அந்தப் பிரிவின் குரல் எவ்வளவு எடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். கூகுளில் வேலை பார்த்து வெளியேறிய பலர் இன்னொன்றையும் வெளிப்படையாக எழுதியிருக்கிறார்கள்: புதியதைத் தொடங்குபவருக்குப் பதவி உயர்வு எளிதில் கிடைக்கிறது, இருப்பதைப் பராமரிப்பவருக்கு அப்படிக் கிடைப்பதில்லை. கடிகாரமோ பராமரிப்பைத் தவிர வேறெதையும் அதிகம் கேட்காத பொருள். தென்னங்கன்று நட்டவர் காய்ப்புக்கு முன்பே வெட்டிவிட்டு மாங்கன்று நட்டால் தோப்பு எப்படி உருவாகும்?

கைவிடுவதில் கூகுள் மட்டும் தனியாக இல்லை. மைக்ரோசாஃப்ட் பேண்ட் என்ற தன் உடற்பயிற்சிக் கைப்பட்டையை 2016-இல் நிறுத்தியது. 2019 மே மாதம் சேவையை மூடியபோது, அப்போதும் அணிந்துகொண்டிருந்தவர்களுக்கு முதல் பேண்டுக்கு 79.99 டாலர், இரண்டாவதுக்கு 175 டாலர் என்று திருப்பித் தந்தது. அமேசானின் ஹேலோ கைப்பட்டை 2020-இல் வந்து 2023 ஜூலையோடு முடிந்தது. முந்தைய ஓராண்டில் வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பியது. நிறுத்துவதைத் தவிர வேறு வழியில்லை என்றால் இப்படி நிறுத்தலாம், கணக்கைத் தீர்த்துவிட்டுப் போகலாம். கூகுள் ஃபிட்பிட்டில் செய்வது, வசதிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்துக்கொண்டே பெயரை மட்டும் வாசலில் மாட்டி வைப்பது. அதற்கு யாரும் நஷ்டஈடு கேட்கவும் முடியாது.

கூகுள் செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாகாது. பெபிள் என்ற கடிகாரம் 2012-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற பொதுமக்களிடம் நிதி திரட்டும் தளத்தில் 1 கோடி டாலருக்கு மேல் திரட்டி வந்தது. வெயிலிலும் தெளிவாகத் தெரியும் திரை, ஏறக்குறைய ஒரு வாரம் நிற்கும் பேட்டரி, தானாகவே திரண்டு வந்த ஒரு ரசிகர் கூட்டம். 2016 இறுதியில் அதன் மென்பொருள் சொத்துகளை ஃபிட்பிட் வாங்கியது, 2018 ஜூனில் சர்வர்கள் மூடப்பட்டன. ரீபிள் என்ற தன்னார்வலர் குழு சொந்தமாகச் சர்வர்களை அமைத்து அந்தக் கடிகாரங்களை உயிரோடு வைத்திருந்தது. ஃபிட்பிட் வழியாகப் பெபிளின் மூல நிரல் கூகுளின் கைக்கு வந்திருந்தது. 2025 ஜனவரியில் கூகுள் அதை யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்த மூலமாக வெளியிட்டுவிட்டது. அதனால்தான் பெபிளை உருவாக்கிய எரிக் மிகிகோவ்ஸ்கி மறுபடி புதிய கடிகாரங்களைச் செய்ய முடிந்தது. தான் வளர்க்க விரும்பாததைப் பூட்டி வைக்காமல் விட்டுக்கொடுத்தார்களே, அதற்கு மனமாரப் பாராட்டுகிறேன். கைவிடும் ஒவ்வொரு கருவிக்கும் இதையே செய்வோம் என்று எழுதிக் கொடுத்தால் என் கோபத்தில் பாதி குறைந்துவிடும்.

பிக்சல் வாட்சையும் நியாயமாகவே பார்க்க வேண்டும். 2022 முதல் ஆண்டு தவறாமல் புதியது வருகிறது. கூகுளின் கடிகார வரலாற்றில் இப்படி ஒரு தொடர்ச்சி இதற்கு முன் இருந்ததில்லை. இரண்டாவதில் சிப் நவீனமானது, மூன்றாவதில் பெரிய அளவும் வந்தது. முதல் பிக்சல் வாட்சின் வளைந்த கண்ணாடி உடைந்தால் கூகுளிடம் அதைப் பழுதுபார்க்க வழியே இல்லை, புதிதாக வாங்க வேண்டியதுதான். 2025-இல் வந்த நான்காவதில் திரையையும் பேட்டரியையும் மாற்றும்படி வடிவமைத்திருக்கிறார்கள். உறுதிமொழிகளைவிட இந்தத் திருகாணிகளை நான் அதிகம் நம்புகிறேன். பழுதுபார்க்கக்கூடிய பொருளைச் செய்பவர்கள் அது நீண்டநாள் ஓட வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள்.

முதல் பிக்சல் வாட்சுக்குக் கூகுள் தந்த புதுப்பிப்பு உத்தரவாதம் குறைந்தது மூன்று ஆண்டுகள். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு: நீங்கள் வாங்கிய தேதியிலிருந்து அல்ல, அந்த மாதிரி முதன்முதலில் விற்பனைக்கு வந்த தேதியிலிருந்து எண்ண வேண்டும். தள்ளுபடியில் இரண்டு ஆண்டு பழைய மாதிரியை வாங்கினால் கையில் மிஞ்சுவது ஓராண்டு. இந்தியாவில் முதல் மாதிரி விற்கப்படவில்லை, 2023-இல் இரண்டாவதுதான் 39,900 ரூபாய்க்கு வந்தது. அந்த விலைக்கு மூன்றாண்டு போதாது என்பது என் உறுதியான கருத்து. 2017-இல் வந்த ஆப்பிள் வாட்ச் 3, ஆப்பிளின் வாட்ச்ஓஎஸ் இயங்குதளத்தின் 4-ஆம் பதிப்பில் தொடங்கி 8-ஆம் பதிப்பு வரை பெற்றது.

ஆகவே உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். ஆண்ட்ராய்டு கைபேசி வைத்திருந்து, இன்று அது செய்யும் வேலைக்காக மட்டும் வாங்குவதாக இருந்தால், நான்காவது பிக்சல் வாட்சை வாங்கலாம். அதற்கு முந்தைய மாதிரியை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்க வேண்டாம். அடுத்த ஆண்டு வரப்போவதாகச் சொல்லப்படும் எந்த வசதிக்காகவும் இன்று பணம் கொடுக்க வேண்டாம். நடை, ஓட்டம், இதயத்துடிப்பு ஆகியவற்றின் நீண்டகாலப் பதிவுதான் உங்களுக்கு முக்கியம் என்றால் கார்மின் நிறுவனத்தின் கடிகாரத்தைப் பாருங்கள். அதைக் கணினியில் கேபிள் வழியாகச் செருகினால் ஒவ்வொரு ஓட்டமும் ஒரு கோப்பாக உள்ளே இருக்கும். நகலெடுத்துக்கொள்ளலாம், நிறுவனத்தின் சர்வரை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

எதை வாங்கினாலும் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பழைய ஃபிட்பிட் கணக்குகளைக் கூகுள் கணக்குக்கு மாற்ற முதலில் 2025 என்று வைத்த கெடு 2026-க்குத் தள்ளிப்போனது. இன்னும் மாற்றாமல் இருந்தால், கெடு முடிந்துவிட்டதா என்று இன்றே பாருங்கள். மாற்றியவர்கள், நம் தகவல்களைத் தரவிறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் பக்கத்தில் ஃபிட்பிட்டை மட்டும் தேர்ந்தெடுத்து ஏற்றுமதி கேட்கலாம். வரும் சுருக்கக் கோப்பை விரித்தால் இதயத்துடிப்பு நாளுக்கு ஒரு கோப்பாகவும், தூக்கமும் காலடிகளும் மாதக் கணக்கிலான கோப்புகளாகவும் கிடைக்கும். நடுவில் ஏதாவது ஒரு பழைய தேதியைத் திறந்து, எண்கள் உள்ளே இருக்கின்றனவா என்று பாருங்கள். அதை இரண்டு இடங்களில் நகலெடுத்து வைத்த பிறகு புதிய கடிகாரத்துக்கு ஆர்டர் கொடுங்கள்.